நாலாவது பெயர்

பட்டப்பகல், மூன்றரை மணி. ஊருக்கு வெளியே தானியக் கிடங்குக்குப் போகிற சாலை... ஒரு காக்கைகூட இல்லை. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? கிட்டே வந்து உட்காருங்கள். விளக்கு எரியட்டும்.

இது என் சிநேகிதனுடைய அத்தானுக்கு நடந்தது. அக்கா புருஷன். அந்தக் கிடங்கில் அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மூட்டைகளில் வண்டு விழாமலிருக்க அவ்வப்போது உள்ளே விஷவாயு விடுவார்கள். அதற்கு முன்னால் ஆட்கள் எல்லாரும் வெளியே வந்தாக வேண்டும். அதைச் சரிபார்க்க அத்தான் ஒரு சின்ன பேட்ச் ஃபைல், குட்டி புரோகிராம் மாதிரி, எழுதி வைத்திருந்தார். அதன் பெயரைத் தட்டி, பக்கத்திலேயே வெளியே வந்தவர்களின் பெயர்களை இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும். அது முதல் பெயரை எடுத்து ஒன்று என்று எண்ணும். அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை முன்னால் இழுக்கும். முன்னால் ஒன்றும் இல்லையென்றால் எண்ணுவதை நிறுத்திவிடும். உள்ளே போனவர்கள் கணக்கோடு ஒத்துப்போனால்தான் வாயுக் குழாய் திறக்கும்.

அன்றைக்கு உள்ளே போனவர்கள் நாலு பேர். மேஸ்திரி, நெட்டை, சோடாபுட்டி, சாது. சாது வாயைத் திறந்தால் மழை வரும் என்று கேலி செய்வார்கள். அப்படி ஒரு ஆள்.

நாலு பேரும் வெளியே வந்து ஜன்னலுக்கு எதிரே நின்றார்கள். சாது கடைசியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாதி திரும்பினாற்போல். அத்தான் நாலு பெயரையும் தட்டினார்.

மூன்று என்றது.

இரண்டு பெயர் ஒட்டிக்கொண்டால் ஒன்றாக எண்ணிவிடும். இடைவெளியைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடி தட்டினார்.

மூன்று.

மேஸ்திரி ஜன்னலுக்கு வந்துவிட்டார். லாரி காத்துக்கொண்டிருக்கிறது, மெஷினுக்குத்தான் கிறுக்குப் பிடித்திருக்கிறது, எதையாவது மாற்றித் திறந்துவிடச் சொன்னார். அத்தானுக்கும் அதே யோசனைதான். உள்ளே போனவர்கள் நாலு என்று இருக்கும் இடத்தில் மூன்று என்று போட்டால் வேலை முடிந்தது. விரல்கூடப் போய்விட்டது...

ஏனோ தட்டவில்லை. பெயர்களை வரிசை மாற்றிப் பார்த்தார். சாதுவை முதலில் போட்டார்.

பூஜ்யம்.

திரையில் எழுத்து இருக்கிறது. சாது என்று பளிச்சென்று இருக்கிறது. ஆனால் எண்ணுகிற புரோகிராமுக்கு அந்த இடம் வெறும் இடம். அங்கே யாருமே இல்லை.

அத்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மேஸ்திரி, உள்ள ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்."

"எல்லாரும் இங்கதான சார் நிக்கிறோம்?"

"தெரியும். இருந்தாலும் பாத்துடுவோம்."

கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு நாற்றம். முணுமுணுத்துக்கொண்டே நாலு பேரும் அவர் பின்னால் வந்தார்கள். கோடிச் சுவர்வரை போனார்கள். அங்கே...

கர்... கர்...

எலி என்றான் நெட்டை. இல்லை. சாக்கை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். ஒரு அடுக்கு சரிந்து கிடந்தது. அதன் மேல் மரப்பலகை ஒன்று, மூட்டைகளோடு.

"ஆளுக்கொரு மூலை பிடிங்க. சாது, நீ அந்தப் பக்கம் போ" என்றார் மேஸ்திரி.

பிடித்தார்கள். தம் கட்டித் தூக்கினார்கள். அத்தான் டார்ச்சைக் கீழே அடித்தார். தூசி அப்பிய ஒரு முகம். கண் மட்டும் திறந்திருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

சாது.

பிழைத்துவிட்டான், கவலைப்படாதீர்கள். விலா எலும்பு உடைந்திருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் வேலைக்குப் போகிறான். ஆனால் அத்தான் மறுநாளே வேலையை விட்டுவிட்டார். அக்கா கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து, ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம்.

அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் டார்ச்சை, சாதுவை அனுப்பிய நாலாவது மூலைக்குத் திருப்பினார். அங்கே ஆள் இல்லை. பலகை மட்டும்... கொஞ்சம்கூடச் சாயாமல் நின்றது.

மேஸ்திரிதான் "பக்கத்துல மெதுவா வைங்க" என்றார்.

வைத்தார்கள். நாலு மூலையும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.