குழலுக்குள்ளாலை வெளிச்சம்

வா முருகேசு, உள்ளுக்கு வா. ஏன் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? அக்கா எண்டு கூப்பிட்டனி, அவ திரும்பேல்லை எண்டு பாக்கிறியோ? அவ கிணத்தடியிலை வேலையாய் நிக்கிறா, விடு. உந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரு. தேத்தண்ணி பேந்து குடிப்பம்.

துவக்கைக் கண்டிட்டு ஏன் பின்னுக்குப் போறாய்? இஞ்சை பார், மடிச்சுத் திறந்தபடிதான் என்ரை மடியிலை கிடக்கு. வாய் செவரைப் பாத்துக்கொண்டு கிடக்கு. வெறுந்துவக்கெண்டாலும் ஆளுக்கு நேரை பிடிக்கப்படாது எண்டது நானும் நீயும் போட்ட சட்டமெல்லே. நான் மறக்கேல்லை.

ஓம், திங்கக்கிழமை ஒப்படைக்க வேணும். ஊர் விதானையார் சொல்லிப்போட்டுப் போட்டார். லைசென்ஸையும் சேத்துத்தான். குடுக்கப்போற சாமானை ஏன் துடைக்கிறியள் எண்டோ? ஊத்தையாக் கொண்டுபோய்க் குடுத்தா வாங்கிறவன் என்ன நினைப்பான்? உவனுக்குத் துவக்கு வைச்சிருக்கத் தெரியாது, அதுதான் வீட்டுக்கை வெடிச்சது எண்டெல்லோ நினைப்பான். ஊரிலை ஏற்கனவே அந்தக் கதைதானே. மில்லடியிலை ஆரோ சொன்னவனாம், பொன்னம்பலத்தாருக்குக் கண்ணும் போட்டுது, மூளையும் போட்டுது எண்டு. நீயும் அதிலை நிண்டனியாம். நீ ஒண்டும் சொல்லேல்லையாம். அதையும் சேத்துத்தான் வந்து சொன்னாங்கள்.

உந்தச் சீலைத்துண்டை எடு. சீ, அதில்லை, வெள்ளை. வெள்ளைச் சீலையிலைதான் இரும்புக் கறள் தெரியும். தையல் மிசின் எண்ணெய் ரண்டு சொட்டு விட்டாக் காணும். முந்தி ஒருக்கா நீ தேங்காயெண்ணெய் பூசிப்போட்டு வைச்சு, அது பிசின் மாதிரி இறுகி, குழல் முழுக்க எறும்பு ஊர்ந்தது ஞாபகமோ? காட்டுப்பண்டிக்கு எறும்பாலை சுடுவமோ அண்ணை எண்டு கேட்டாய். ம், சிரிக்கிறாய். சிரி. எங்கடை வரணிக் காத்திலை உப்பு, இரும்பு தாங்காது. கைவேர்வையும் உப்புத்தான். தொட்ட இடமெல்லாம் துடைச்சுப்போட்டுத்தான் செவரிலை கொழுவவேணும். ஆனா சீலையாலை சுத்தி மட்டும் வைக்கப்படாது, ஈரம் பிடிச்சுப்போடும்.

இது ஊருக்கை வந்த அண்டைக்கு சனம் பட்ட பாடு! பண்டி மரவள்ளியைக் கிண்டிக் கிண்டி விழுத்துது எண்டு நானும் நீயும் கச்சேரிக்கு நடையா நடந்து எடுத்த லைசென்ஸ். நான் துவக்கோடை ஒழுங்கையாலை வாறன், உன்ரை மனிசி சிவக்கொழுந்து யன்னலெல்லாம் அடிச்சுச் சாத்திப்போட்டு அறைக்கை போய் இருந்திட்டா. பிழை சொல்லேலாது. வெடிச்சத்தத்துக்கை கிடந்து எழும்பின சனம். அதுக்காண்டித்தானே கோயில் வீதியிலை நிண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னம், துவக்கு என்ரை வீட்டை, தோட்டா முருகேசு வீட்டை எண்டு. கோவம் வந்தாலும் வெறி வந்தாலும் தனிய ஒருத்தனாலை ஒண்டும் செய்யேலாது.

பண்டி கலைச்சுப்போட்டு வந்தா, ஒருத்தன் திறந்து பிடிக்க மற்றவன் குழலுக்குள்ளாலை பாத்து, தோட்டா இல்லையெண்டா, வெளிச்சம் எண்டு சொல்லவேணும். அந்தச் சொல்லுக் கேட்டாப் பிறகுதான் துவக்குச் செவருக்கு ஏறும். தன்ரை கண்ணைத் தான் நம்பப்படாது, மற்றவன்ரை கண்ணைத்தான் நம்பவேணும். உன்ரை யோசினைதான். நல்ல யோசினை. இப்பவும் அப்பிடித்தான் சொல்லுவன்.

ஏன் நெளியிறாய்? கதிரை குத்துதோ?

அண்டைக்கு எனக்குக் கண்ணிலை புரை வெட்டிக் கட்டுப் போட்டிருக்கு. மற்றக் கண்ணும் வெறும் புகை. கட்டிலிலை கிடக்கிறன். நீ வந்து, அண்ணை, மேற்கு வேலியைப் பண்டி பிரிச்சுப்போட்டுது, ஒருக்காத் துவக்கைத் தாங்கோ எண்டாய். தனிய ஏனடாப்பா எண்டு கேட்டன். தனிய இல்லை, மருமோன் நிக்கிறான் எண்டாய். கனடாவிலை இருந்து வந்து நிண்ட நிருஷன். நல்ல பட்டப்பகல். பகலிலை எந்தப் பண்டி வேலி பிரிக்கும் எண்டு நான் யோசிக்கேல்லை. கேட்டது நீயெல்லே, என்னத்தை யோசிக்கிறது.

பின்னேரம் கொண்டந்தாய். படலையடியிலை வான் இரையுது, கோன் அடிக்கிறாங்கள், நிருஷன் பிளேனுக்குப் போக நேரமாம். வெளிச்சமோடா எண்டு கேட்டன். வெளிச்சம் அண்ணை எண்டுபோட்டு நீயே கொழுவிப்போட்டு ஓடினாய். திறக்கேக்கை டக்கெண்டு ஒரு சத்தம் வருமே, அது எனக்குக் கேக்கேல்லை. வான் சத்தத்திலை அமத்துப்பட்டுப் போச்சாக்கும் எண்டு எனக்கு நானே சொன்னன். எழும்பிப் போய் விரலை விட்டுத் தடவிப் பாத்திருக்கலாம், ஓம். நீ சொன்னாப் பிறகு தடவிப் பாத்தா, அது உன்ரை கன்னத்திலை அறைஞ்ச மாதிரியெல்லோ.

அடுத்தநாள் காலமை என்ரை மனிசி பராசக்தி ஒட்டறை அடிக்கவெண்டு துவக்கை இறக்கினவ. கை வழுகிப் பிடி நிலத்திலை மோதி வெடிச்சிட்டுது. மேலை பார், ஓட்டிலை ஓட்டை. இந்த விறாந்தையிலை விழுற வெயில் அதாலைதான் விழுது. அவவின்ரை தோளுக்கும் வெடி போன வழிக்கும் நடுவிலை ஒரு சாண் இருந்திருக்குமோ என்னவோ.

விழுந்து எழும்பி இருந்து, என்னைப் பாத்து, நீங்கள் குழல் பாக்கேல்லையோ எண்டு ஒண்டுதான் கேட்டவ. நான் மறுமொழி சொன்னன். கத்திக் கத்திச் சொன்னன்.

விதானையார் வந்து விசாரிக்கேக்கை, நீ உந்த மாமரத்துக்குக் கீழை நிண்டு, நான் துவக்குத் தொட்டுக் கன நாள் ஐயா எண்டாய். என்ரை முகத்தைப் பாக்காமல், மாங்காயைப் பாத்துக்கொண்டு சொன்னாய். நான் வாய் திறக்கேல்லை. பாவம், பயத்திலை சொல்லிப்போட்டான், பொழுதுபட வருவான் எண்டு இருந்தன். நீ வரேல்லை. நானல்லோ இண்டைக்கு ஆள்விட்டுக் கூப்பிட வேண்டிக் கிடந்தது.

இரு, எழும்பாதை. இன்னும் கொஞ்சம் கிடக்கு.

போன கிழமை கொக்குவிலாலை என்ரை மேள் உதயகலா வந்தவ. போனிலை ஒரு வீடியோ காட்டினவ. நிருஷன் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, உன்ரை வைக்கோல்போருக்கு முன்னாலை நிக்கிறான். சிவப்புத் தோட்டாவைக் கமராவுக்குக் காட்டிக் காட்டி உள்ளை தள்ளி, துவக்கைப் படாரெண்டு நிமித்திப் பூட்டுறான். சினிமாக்காரன் தோத்தான். ஆரோ பக்கத்திலை நிண்டு, கவனம் மருமோன் எண்டு சிரிக்கிறது கேக்குது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதோ? அதோடை வீடியோ முடியுது. வெடி வைக்கேல்லை. வெடிச்சிருந்தா ஊருக்குக் கேட்டிருக்குமே. போட்ட தோட்டா போட்டபடிதான் என்ரை செவருக்கு வந்தது.

சரி, அவன் வெளிநாட்டுப் பெடியன், தெரியாமல் செய்தான். ஒண்டை மட்டும் சொல்லு. உன்ரை தோட்டாப் பேணியிலை ஒண்டு குறைஞ்சது எப்ப கண்டனி? வெடிக்க முதலோ, பிறகோ?

ம்.

தலையைக் குனியாதை. அண்டிரவே கண்டிட்டாய் எண்டு உன்ரை கழுத்துச் சொல்லுது. ஒரு வேலிதானேடா நடுவிலை. அதிலை நிண்டு, அண்ணை, துவக்கைத் தொடாதேங்கோ எண்டு ஒரு குரல் குடுத்திருந்தாக் காணுமே. மருமோன்ரை பேர் கெட்டுப்போம், உன்ரை மேள் கஜந்தினியின்ரை விசா குழம்பிப்போம் எண்டு பயந்திட்டாய். விடியப் போய் மெல்லமாக் கழட்டுவம் எண்டு இருந்திருப்பாய். விடியப் பராசக்தி முந்திட்டா.

விதானையாரட்டைப் போய்ச் சொல்லெண்டு உன்னைக் கூப்பிடேல்லை. அழாதை, கேள். துவக்குப் போகட்டும். பண்டி கிழங்கைத் திண்டா திண்டிட்டுப் போகட்டும். ஊர் என்னத்தையும் கதைக்கட்டும். பராசக்திதான். நான் பாக்காமல் கொழுவினன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் எனக்குச் சோறு போடுறா. சோத்துக் கோப்பையை வைச்சுப்போட்டு மேலை அந்த ஓட்டையைப் பாக்கிறா, பேந்து என்னைப் பாக்கிறா. ஒரு சொல்லுப் பேசுறேல்லை. பேசினாலும் பறவாயில்லை. வீடியோவோ? காட்டினன். அதிலை நிருஷன்தான் நிக்கிறான். வெளிச்சம் அண்ணை எண்டு நீ சொன்னது அதிலை இல்லையே. அது உன்ரை வாயாலைதான் வரவேணும்.

இந்தா, முடிஞ்சுது. நான் திறந்து பிடிக்கிறன், பார். வடிவாக் கண்ணை வைச்சுப் பார். என்ன?

சரி. இப்ப நம்பிறன்.

இனிப் போ. கிணத்தடியிலைதான் நிக்கிறா. முந்தின மாதிரிப் பின்னாலை நிண்டு அக்கா எண்டு கூப்பிடாதை. அந்த வெடியோடை அவவுக்கு ரண்டு காதும் போட்டுது. இனித் திரும்பாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். எழுதிக் காட்டவும் எங்களுக்கு எழுத்து ஓடாது. முன்னாலை போய் நிண்டு, உன்ரை வாயை அவ வடிவாப் பாக்கக்கூடியதா வைச்சுக்கொண்டு, ஆறுதலாச் சொல்லு.