ஜன்னல் இடுக்கில் முளைத்தது

பின்னறை ஜன்னல் மழைக்காலத்தில் கொஞ்சம் மக்கர் பண்ணும். மரம் உப்பிக்கொள்ளும், தோள்கொடுத்துத் தள்ள வேண்டும். மற்றபடி நல்ல ஜன்னல்.

இடுப்பெலும்பு முறிந்த அக்கா ஐந்து மாதமாக அதனடியில்தான் படுத்திருந்தாள். நுரையீரலும் சரியில்லை. கவனிக்க என்னை விட்டால் ஆளில்லை. ஒரு காலையில் அவள் தலைக்கு நேர் மேலே, ஜன்னல் கதவும் சட்டமும் சேரும் இடுக்கில், மூன்று காளான் மொட்டுகளைப் பார்த்தேன். சாம்பல் நிறம், காம்பில் நீல வளையம்.

நானும் தையல்கடைக்காரரும் பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் காளான் தேடிப் போகிறவர்கள். கிடைத்ததையெல்லாம் டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டி, படத்தை ஒரு பேராசிரியருக்கு அனுப்புவோம். ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று பதில் வரும். இந்த முறை, எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். குடை விரிந்து வித்துத் தூள் உதிரட்டும்; தூள் இல்லாமல் புது இனம் என்று நிரூபிக்க முடியாது.

"காடுமேடெல்லாம் அலைஞ்சோம், இது உன் வீட்டுல வந்து உக்காந்திருக்கு பாரு," என்று தையல்கடைக்காரர் சிரித்தார். பிறகு, "அக்கா அங்கதானே படுத்திருக்காங்க? முதல்ல ரூமை மாத்துய்யா."

மாற்றியாயிற்று என்றேன். ஒரு நாள் மாற்றவும் செய்தேன். மாலைக்குள் மொட்டுகள் சுருங்கின. அவள் நெஞ்சுச் சளிக்குக் கெட்டிலில் வைக்கும் ஆவியில்தான் அவை வளர்ந்திருந்தன. திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்து, இரண்டு வேளை ஆவியை ஆறு வேளையாக்கினேன்.

"இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்," என்றார் வீட்டுக்கு வரும் நர்ஸம்மா. "மேல பூஞ்சை பூத்திருக்கு பாருங்க. துடைச்சிட்டு ஜன்னலைத் திறந்து வைங்க."

திறந்தால் குடை பிய்ந்துவிடும். மறுநாள் அவரே தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"மூச்சு முட்டுதுடா," என்றாள் அக்கா.

"மரம் உப்பியிருக்குக்கா. ரெண்டு நாள் பொறுத்துக்கோ."

"பேசாம என்னையும் உன் டப்பாவுல போட்டு லேபிள் ஒட்டிடு."

இருவரும் சிரித்தோம். அவள் ஊன்றுகோலால் கண்ணாடியைத் தட்டத் தொடங்கியதும் அதை எடுத்துக் கூடத்தில் வைத்தேன்.

ஏழாம் நாள் காலை மூன்று குடைகளும் விரிந்திருந்தன. அக்காவுக்கு மூச்சு இல்லை. தலையணையில் அவள் தலை இருந்த இடம் மட்டும் வெள்ளை. சுற்றிலும் துருநிறத் தூள். இமைகளிலும் படிந்திருந்தது. தலையணை உறையைத் தூள் கலையாமல் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

கண்டுபிடித்தவன் தன் பெயரையே வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. லேபிளில் அக்கா பெயரை எழுதினேன்.

அதற்குப் பிறகு அது முளைக்கவில்லை. நீங்கள் வரும்வரை காலி அறைக்கு ஆறு வேளையும் ஆவி வைத்துக்கொண்டிருந்தேன். சில சமயம் யாரோ மூச்சிழுப்பது கேட்கும். கெட்டிலாகத்தான் இருக்கும். கண்ணாடியில் தட்டும் சத்தத்துக்குத்தான் காரணம் தெரியவில்லை.

ஸ்டேஷன் மேசையில் நீங்கள் வைத்திருக்கும் நான்கு ஆணிகளும் அந்த ஜன்னலில் நான் அடித்தவை. அந்த வருடம் மரம் உப்பவே இல்லை. எட்டாம் நாள் பிடுங்கிவிடுவதாகத்தான் இருந்தேன். அவள் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.