ஆகஸ்ட் மாதத் தேர்வு

அலபாமாவில் ஆகஸ்ட் வெயில் கொஞ்ச நஞ்சமில்லை. காலைப் பயிற்சி முடிந்ததும் பையன்களுக்கு நானே தர்பூசணி அறுத்துக் கொடுப்பேன். தலைக்கவசம் போட்டு மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரிப் பயிற்சியாளர்களில் இப்படிச் செய்கிறவர்கள் அதிகம் இல்லை. அவர்கள் என்னை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்பது அந்தத் தேர்வைப் பற்றி. சொல்கிறேன். ஆட்டங்கள் தொடங்கும் முன் ஒவ்வொரு பையனும் கணினி முன்னால் உட்கார்ந்து ஞாபகசக்திக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த மதிப்பெண்ணை மருத்துவர் வைத்துக்கொள்வார். பிறகு மோதலில் தலையில் அடிபட்டால் அதே தேர்வு மறுபடி நடக்கும். மதிப்பெண் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். ஆகவே பிறகு குறைந்தது தெரியாதபடி, முதல் தேர்விலேயே கோட்டை விடச் சொல்லிக்கொடுத்தேன்.

"முந்தின ராத்திரி தூங்காதீங்கடா. பாதிக் கேள்விக்குக் கண்ண மூடிக்கிட்டு பதில் போடுங்க."

"மக்குன்னு பேர் வாங்கறதுக்குக்கூட பயிற்சியா, கோச்?" என்று கேட்டது லாமண்ட் பிக்கெட். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல குறும்புக்காரன். எதிரணிக்காரனைத் தடுத்துச் சாய்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் தலை இன்னொருவனின் தலைக்கவசத்தில் மோதியது. அடுத்த வாரம் தேர்வு வைத்தார்கள். ஆகஸ்டில் வாங்கிய அதே மதிப்பெண். ஆடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த வாரச் சனிக்கிழமை, பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து என்னை வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. லாமண்ட் இல்லாமல் ஜெயிக்க முடியாது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் அவன் என் அறைக்கு வந்தான். விளக்கை அணைக்கச் சொன்னான்.

"வெளிச்சம் பட்டாலே மண்டை தெறிக்குது கோச். டாக்டர்கிட்ட உள்ளத சொல்லிடட்டுமா?"

"சொல்லுடா, நான் தடுக்கல. ஆனா நாளைக்கு உன் இடத்துல வேற ஒருத்தன் நிப்பான். அப்புறம் அந்த இடம் அவனுக்குத்தான்."

முடிவை அவனேதான் எடுத்தான். மறுநாள் ஆட்டத்தின் நடுவில் விழுந்தான். எழவில்லை.

இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்தில் அவன் அம்மா வெர்னீஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தலவலின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உங்ககிட்ட ஏதாவது சொன்னானா, கோச்?"

"இல்லம்மா. சொல்லியிருந்தா நான் ஆட விட்டிருப்பேனா?"

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்றைக்கும் கூசுகிறது.

அந்தப் பெரிய வேலை கிடைத்தது. பிறகு என் பெயரிலேயே பயிற்சி முகாம்கள் நடத்தினேன். தலைக்கவச விளம்பரம் ஒன்றிலும் வந்தேன். பாதுகாப்பைப் பற்றி நான் பேசினால் ஜனங்கள் கேட்டார்கள்.

குற்றவுணர்வு இல்லாமல் இல்லை. ஆனால் இதில் ஒரு உயிர் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். நானும் ஒரு தகப்பன்தான்.

அந்த வருடம் என் மகனும் வேறொரு கல்லூரியில் இதே ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஆகஸ்டில் தேர்வு இருந்தது. முந்தின நாள் போன் செய்து, சீக்கிரம் படுத்து நன்றாகத் தூங்கச் சொன்னேன். ஒரு கேள்வி விடாமல், நிதானமாக, எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் போடச் சொன்னேன்.