தொண்ணூற்றொன்பது பேரும் டீச்சரும்

எனக்கு டீ நன்றாகப் போட வரும். இது என் சொந்தப் பெருமை இல்லை, மாடி வீட்டு டீச்சர் சொன்னது. அவர் முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். சும்மா ஒரு மார்க் கூட யாருக்கும் போட்டவர் இல்லை.

விசாரணைக்கு வந்த அன்று நீங்கள் கேட்டது இரண்டே கேள்வி. எட்டு மாதமாக நான் ஓட்டிவரும் நூறு பேர் பட்டியலில், விளம்பரத்தைப் பார்ப்பவர் ஒரே ஒருவராக இருப்பது ஏன்? சென்ற வாரம் அந்தப் பட்டியலில் ஒரு எண்ணை மட்டும் மாற்றியது ஏன்? வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் முரணாக வந்துவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கோப்பில் இருக்கட்டும். கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் போன் எண்களை நம் நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த எண்ணுக்கு உரியவர் போனைத் திறந்தால் அந்தக் கடையின் விளம்பரம் எதிரே வந்து நிற்கும். ஆனால் வருகிற பட்டியல் ஒன்றும் சுத்தமாக வராது. ஒரே எண் மூன்று தடவை இருக்கும், ஒன்றில் ஓர் இலக்கம் குறையும், ஒன்று எவனோ விளையாட்டாக எழுதிக்கொடுத்ததாக இருக்கும். அவற்றைப் பொறுக்கி எறிவது நான். பத்தொன்பது வருடமாக அரிசியில் கல் பொறுக்குகிற வேலை.

ஒரு வகைக் கல்லை மட்டும் நான் எறியவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை, காது மெஷின் கடைப் பட்டியல்களில் சில எண்களுக்கு எதிரே, கடை அனுப்பிய செய்திக்கு வீட்டார் போட்ட பதில் இருக்கும். 'அப்பா தவறிட்டார், இனிமே அனுப்பாதீங்க.' அந்த எண்களை உடனே அழிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு மனசு வரவில்லை. ஒரு தனிக் கோப்பில் சேர்த்து வைத்தேன். மதியம் சாப்பிடும்போது அதைத் திறந்து பார்ப்பேன். மற்றவர்கள் பெரிய மேசையில் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவர்களோடு எனக்குப் பகை எதுவும் கிடையாது. நான் போய் உட்கார்ந்தால் பேச்சு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

டீச்சர் மாடியில் தனியாக இருந்தார். கீழே நான் தனியாக. மூன்று வருடம் படிக்கட்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு. பிறகு ஒரு மாலை கதவைத் தட்டினார். கையில் போன்.

"தம்பி, ஒரு சந்தேகம். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல."

முட்டிக்குப் போடுகிற உறை ஒன்றைக் கடையில் வாங்கியிருக்கிறார். மறுநாளிலிருந்து போனில் எங்கே தொட்டாலும் முட்டி உறை. "என் முட்டி வலிக்குதுன்னு இதுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்து, கடையில் அவர் போன் எண் கொடுத்ததிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாகச் சொன்னேன். நடுவில் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் சரியான கேள்வி. போகும்போது, "நல்லா புரியற மாதிரி சொல்றீங்க. டீயும் நல்லா இருக்கு" என்றார்.

ஐம்பத்து நாலு வயதில் எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை. அன்று சந்தோஷமாக இருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

அதன் பிறகு மூன்று வாரம் அவர் வரவில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது, எதற்கு வருவார்? மாலையில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பாதியைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

தனி ஒருவரைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது என்பதற்காகத்தானே நூறு பேருக்குக் குறைந்த பட்டியலை நம் கணினி ஏற்பதில்லை? நல்ல விதி. ஆனால் அது எண்ணிக்கையைத்தான் பார்க்கும், உயிரைப் பார்க்காது. என் கோப்பிலிருந்து தொண்ணூற்றொன்பது எண்களை எடுத்தேன். நூறாவதாக டீச்சருடைய எண்ணைச் சேர்த்தேன். அந்தத் தொண்ணூற்றொன்பது பேரும் இனி எந்தப் போனையும் திறக்கப் போவதில்லை. பார்ப்பவர் ஒருவர் ஏன் என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

முதலில் ஒரு குடை. பஸ்ஸில் குடையை மறந்துவிட்டதாகப் படிக்கட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கைப்பிடி வளைந்த, கருநீலக் குடைப் படத்தைத் தேடிப் போட்டேன். மறுநாளே வந்தார். "நான் எங்கயும் வாங்கல, தேடல, வாயாலதான் சொன்னேன்" என்றார். டீ போட்டேன். அடுத்த வாரம் சதுரங்கப் பலகை. அவர் சின்ன வயதில் ஆடினதாக என்னிடமே சொன்னது. அதற்கும் வந்தார். இந்த முறை கையில் கோடு போட்ட நோட்டு. தேதி, நேரம், தான் பேசியது, போனில் வந்தது என்று நாலு பத்தி.

"ஒண்ணு தற்செயல். ரெண்டும் தற்செயல்னு வச்சுக்கலாம். மூணாவது வந்தா அதுக்கு ஒரு விதி இருக்கணும் தம்பி."

மூன்றாவது பச்சை நிற டைப்ரைட்டர். காலமான அவர் கணவர் வைத்திருந்த மாதிரியே. அன்று டீச்சர் என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரண்டு மணி நேரம் இருந்தார்.

இப்படி நாலு மாதம் ஓடியது. வாரத்தில் மூன்று நாள் வருவார். நோட்டைப் பார்ப்போம், பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். என் கல்யாணம் தட்டிப் போன கதையைக் கூடச் சொன்னேன். "பொண்ணு தப்பிச்சுது" என்றார். இருவரும் சிரித்தோம். அந்த அறையில் அதற்கு முன் இரண்டு பேர் சிரித்து நான் கேட்டதில்லை.

ஒரு நாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், "மாசக் கடைசியில பொண்ணு வந்து கூட்டிட்டுப் போறா. இனிமே அங்கதான். ரூமெல்லாம் ரெடி பண்ணிட்டா." மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். தினமும் அம்மாவுக்குப் போன் செய்வாள். நல்லதுதான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"போறதுக்குள்ள இந்தக் கணக்கை முடிச்சுடணும்" என்று நோட்டைத் திறந்தார். தான் பேசுவதை யாரோ வெளியே சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை. ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு பொய் சொல்வது, எந்தப் பொருள் போனில் வருகிறது என்று பார்ப்பது. பால் போடுகிற பெண்ணிடம், கூடாரம் வாங்கப் போகிறேன். காவல்காரரிடம், வயலின் கற்றுக்கொள்ளப் போகிறேன். மகளிடம், மீன் தொட்டி வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம், குதிரைச் சேணம். தையல்காரருக்குச் சேணம் என்று என்னிடம் படித்துக் காட்டும்போது டீச்சரே சிரித்துவிட்டார். முறை சரியா என்று என்னைப் பார்க்கச் சொன்னார்.

"எனக்கு என்ன பொருள்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு? நீங்க பேப்பர் திருத்தறவர்."

திருடன் கையில் சாவியைக் கொடுப்பது என்பார்கள். எனக்கு அன்று அப்படித் தோன்றவில்லை. என்னை அவர் நம்பினார் என்றுதான் தோன்றியது. பெருமையாக இருந்தது. முறை சரி என்று கையால் ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன்.

நான்கு பொருளில் எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். மீன் தொட்டியைப் போட்டேன். மூன்று நாள், காலையும் மாலையும்.

டீச்சர் கத்தவில்லை. மகளுக்குப் போன் செய்து, வர முடியாது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்த வார இறுதியில் மகள் நேரே வந்தாள். டீச்சர் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தே, "மீன் தொட்டி உனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மீன் தொட்டி வேணும்னாங்க, சரிம்மா வாங்கித் தரேன்னேன். அதுல என்ன சார் தப்பு?" என்று கேட்டாள்.

"வயசாச்சு இல்ல" என்றேன். சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனாள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று என்னை நீங்கள் நினைக்கலாம். அன்று அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் டீ கொடுக்க வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு டீச்சர் போனை அணைத்து, தகர டப்பாவில் போட்டு, டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டார். டிவி ஒயரைப் பிடுங்கினார். பால்காரப் பெண்ணை நிறுத்தினார். மாத்திரைச் சீட்டைக் கடையில் காட்டினால் அவர்களும் எண் கேட்பார்கள் என்று மருந்துக் கடைக்கும் போகவில்லை. மாத்திரை நான் வாங்கி வந்தேன், ரொட்டியும் நான். என் வீட்டுக்கு வரும்போது என் போனை வெளியே செருப்புப் பக்கத்தில் வைக்கச் சொல்வார். வைப்பேன். இளைத்துப்போனார், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டார். ஆனால் தினமும் வந்தார். பரணில் கிடக்கிற போனுக்கு விளம்பரம் அனுப்பி என்ன பயன் என்று கேட்பீர்கள். நிறுத்த மனசு வரவில்லை.

"போன் இல்லாம, ஒரு அவசரம்னா உங்களை எப்படிக் கூப்பிடறது?" என்று ஒருமுறை கேட்டார். கைத்தடியால் தரையில் மூன்று தட்டுத் தட்டினால் எனக்குக் கேட்கும் என்றேன். தட்டிப் பார்த்தோம். நன்றாகவே கேட்டது.

போன மாதம் ஒரு மாலை நோட்டோடு வந்தார். மகள் ஞாபகமாகவே இருக்கிறது என்றார். "ஒரு விடை சரியான்னு பாக்கணும்னா வேற வழியிலயும் ஒரு தரம் போட்டுப் பாக்கணும். பசங்களுக்கு அதைத்தான் சொல்லிக்குடுத்தேன், நானே செய்யல. போனை எடுத்து மறுபடி சோதிக்கப் போறேன். இந்தத் தடவை உங்களையும் சேத்துக்கறேன் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க."

"அதுல என்ன இருக்கு" என்றேன். அவர் போன பிறகு அவர் குடித்த கப்பை இரண்டு தடவை கழுவினேன். இத்தனை மாதம் ரொட்டி வாங்கிக் கொடுத்தவன் நான். என்னையும் பால்காரப் பெண்ணோடு ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டார். வலித்தது.

மறுநாள் காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மேலே மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி மூன்று. சோதிக்கும்போது நானும் சந்தேகத்துக்குரியவன், அவசரத்துக்கு மட்டும் நான் வேண்டுமா என்று நினைத்தேன். ஒரு பகல் போகட்டும், அருமை தெரியட்டும் என்று நினைத்தேன். சட்டையைப் போட்டேன். கதவைப் பூட்டும்போது இன்னொரு தரம் கேட்டது. இந்தத் தடவை இரண்டுதான். ஏழு ஐம்பது பஸ்ஸைப் பிடித்தேன்.

மாலையில் அவருக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். காலையிலேயே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். யாராவது என்று பொதுவாகத்தான் சொன்னார்.

மகள் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு நீங்க ஒருத்தராவது இருந்தீங்களே சார்" என்றாள். தன் போன் எண்ணை எழுதிக் கொடுத்தாள். நோட்டை என்னிடமே தந்தாள், உங்களுக்குத்தான் இது புரியும் என்று. கடைசிப் பக்கத்தில் புதிய சோதனை எழுதியிருந்தது. என் பெயருக்கு எதிரே பொருள் எதுவும் இல்லை. 'கீழ் வீட்டுத் தம்பி: முறைக்காக மட்டும், இவர் இல்லை' என்று இருந்தது. படித்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. வீணாக வருத்தப்பட்டிருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி. டீச்சர் போன பிறகு அந்தப் பட்டியலில் நூறு பேருமே போய்விட்டவர்கள். ஒருவரை எடுத்துவிட்டு ஒருவரைச் சேர்த்தேன். எடுத்தது டீச்சரை இல்லை, மூக்குக் கண்ணாடிக் கடைப் பெரியவர் ஒருவரை. சேர்த்தது மகளுடைய எண்ணை. பாவம், அந்தப் பெண்ணுக்கும் இப்போது யாரும் இல்லை.

முதலில் மீன் தொட்டியைப் போட்டேன். நேற்றுப் போன் வந்தது.

"சார், ஒரு சந்தேகம். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல."

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் விசாரணையை அதற்குள் முடித்துக்கொண்டால் உதவியாக இருக்கும். நம்மை நம்பிக் கூப்பிடுகிறவர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.