வளைவில் போட்ட கொப்பு

மலையில் காலை நேரம் சைக்கிள் மிதிக்கிறவன் வெறும் வயிற்றோடு கிளம்பக் கூடாது, சேர். சுபஹ் தொழுதுவிட்டு இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு பிளேன்டீயும் எடுத்தால் போதும். அன்றும் அப்படித்தான் கிளம்பினேன். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் பொலிசுக்கு வந்திருக்கிறேன். ஆகவே ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

சம்மாந்துறையில் உழவு மெஷின் பாகங்கள் விற்கிறேன். வீடு கல்முனைக்குடியில். எங்கள் ஊர்ப் பொடியன்மார் மலைச் சைக்கிள் வாங்கிக் குழுவாகச் சேர்ந்தபோது, வயதில் மூத்தவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டு, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் ஏற்றமே கிடையாது. கடற்கரை மணலும் வயலும்தான். அதனால் அவ்வப்போது சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு மலைப் பக்கம் போவோம். மேலே தங்கிவிட்டுக் காலையில் இறங்குவோம். எல்லோருக்கும் முன்னால் இறங்கி வீதியைப் பார்ப்பது என் வேலை. அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. பழுது கண்டால் ஒரு மரக் கொப்பை முறித்து வீதியில் போடுவேன். கொப்பு கிடந்தால் நிற்க வேண்டும், கிடக்காவிட்டால் தாராளமாக வரலாம். வீதியில் கொப்பு கிடந்தால் முன்னால் ஏதோ இருக்கிறது என்று இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஷிப்லியும் குழுவில் ஒருவன், போன் கடை வைத்திருந்தவன். நல்ல பிள்ளை, அதை நான் மறைக்கவில்லை. வாய்தான் கூட. ஒருமுறை ஈர இலை குவிந்து கிடந்த வளைவில் நான் கொப்பு போட்டிருந்தேன். அவன் நின்று, அதைத் தலைக்கு மேலே பிடித்து வீடியோ எடுத்தான். "இந்தாங்க, கொப்புக் காக்கா நமக்குக் குடை தந்திரிக்காரு" என்றான். வீடியோ ஊர் முழுக்கப் போயிற்று. மீன் சந்தையில் நான் கொப்புக் காக்கா. என் கடைக்கு வருகிற வயல்காரப் போடிமாருக்கும் கொப்புக் காக்கா. என் மகள் றஸ்னாவின் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியார் சாப்பிட இருந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிரித்தவன் நின்றுதான் சிரித்தான். கொப்பைக் கண்டால் ஷிப்லியின் கை தானாகப் பிரேக்குக்குப் போய்விடும்.

அன்றைக்கு முந்தின நாள் நல்ல மழை. பாதி இறக்கத்தில் ஒரு வளைவு. அதற்கு அப்பால் வீதியின் வெளிப்பக்கம் பாதி சரிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. மேலிருந்து வருகிறவனுக்கு வளைவு திரும்பும்வரை ஒன்றும் தெரியாது. நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓரமாகப் போய்ப் பார்த்தேன். ஒரு கல்லை உருட்டிவிட்டுக் காது கொடுத்தேன். பிறகு இலை நிறைந்த கொப்பாகப் பார்த்து முறித்து, தூரத்திலேயே கண்ணில் படும்படி வளைவுக்கு முன்னால் போட்டேன். வேலையில் நான் குறை வைக்கிறவன் அல்ல.

மேலே ஷிப்லியின் குரல் கேட்டது. எப்போதும் அவன்தான் முதலில் வருவான். கொப்புக் காக்கா, கொப்புக் காக்கா என்று மலை முழுக்கக் கேட்கும்படி கூவிக்கொண்டு வந்தான். நான் கொப்பை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போய் நின்றேன்.

அவன் என்னைத் தாண்டிப் போனான். முகம் சந்தோஷமாக இருந்தது. வளைவுக்கு அப்பால் பிரேக் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம்தான். கொப்பைப் பழைய இடத்திலேயே போட்டேன். பின்னால் அஸ்கியும் முகம்மது தம்பியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு பேரும் கொப்பைக் கண்டு நின்றார்கள்.

"ஷிப்லி எங்க காக்கா?" என்று அஸ்கி கேட்டான்.

"முன்னுக்குப் பெய்த்தான். கொப்பக் கண்டும் நிக்கல்ல" என்றேன்.

எல்லோரும் நம்பினார்கள். ஜனாஸாவை அடக்கிவிட்டு வரும்போது அவனுடைய வாப்பா அப்துல் ஸமட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க உங்கட கடமையச் செஞ்சீங்க. அல்லாஹ் எழுதின கத்ர் வந்தா கொப்பு என்ன செய்யும்?" என்றார். ஷிப்லியின் மனைவி பஸ்மிலா வயிற்றுப் பிள்ளையோடு, புருஷனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் இருக்கிறாள். அவளுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். தூக்கமும் ஒழுங்காகத்தான் வந்தது.

பொறுக்க முடியாதது நேற்று நடந்தது. குழு மறுபடியும் மலைக்குப் போகப்போகிறது. அஸ்கி கடைக்கு வந்து, என் தோளில் கை வைத்துச் சொன்னான்: "இனி நீங்க முன்னால போய்ப் பார்க்கத் தேவல்ல காக்கா. கொப்புப் போட்டும் நடக்கிறது நடந்திச்சுதானே."

அவனுடைய இரக்கம் எனக்கு எதற்கு? விறைக்கிற குளிரில் இத்தனை வருடம் நான் பார்த்த வீதிகள் எல்லாம் வீண் என்கிறார்கள். கொப்புப் போட்டும் ஒருவன் செத்துப்போனான் என்று ஊர் கதைக்கிறது. அந்தப் பொய்யை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, சேர். ஷிப்லி கொப்பைக் கண்டிருந்தால், என்னைக் கேலி செய்வதற்காகவாவது நின்றிருப்பான். அவன் போனபோது அது என் கையில் இருந்தது.

மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. கொன்றது நான்தான், தாராளமாக எழுதுங்கள். அதற்கு முந்தின வரியில், நான் கொப்பு போட்ட இடத்தில் இன்றுவரை ஒருவரும் விழுந்ததில்லை என்று எழுதுங்கள்.