புதுக் கம்பியூட்டரை மூடிய துணி

காரைதீவுச் சோதனைச் சாவடியில் வழக்கம்போல பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் கல்முனையில் கல்யாணக் கார்ட் அடிக்கும் அச்சகமொன்றில் வேலை செய்கிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

“கஃபாவுக்கு மேல குப்பத்தொட்டி நிக்கிது ராத்தா” என்றாள்.

“அல்லாஹ்! எங்க?”

“எங்கட புதுக் கம்பியூட்டர்லதான். முதலாளி ஹாஜியார் ஆசப்பட்டு ஸ்கிரீன் முழுக்க மக்கத்துக் கஃபா படம் போட வெச்சாரு. அதுல போய் அந்தத் தொட்டிப் படம் நிக்கிது.”

“அங்கால இழுத்து விடேலாதா?”

“விட்டாலும் திரும்ப வந்து நிக்கிது. பழைய விண்டோஸ்ல தொட்டியே இல்ல, அழிச்சா அழிஞ்சதுதான்.”

“புதுசுதான் வடிவு எண்டு நீதானே சொன்ன?”

“வடிவுதான், வேலையும் லேசு. பழசுல ஒரு கார்ட் எடுக்க எத்தின பெட்டி திறக்கணும். இதுல மூலையில ஒரு பொத்தான அமத்தினாச் சரி. என்ன செய்ய, ஹாஜியார் துணியப் போட்டு மூடிட்டாரு. இப்ப திரும்பவும் பழசுலதான் அடிக்கிறன்.”

சிப்பாய் கை நீட்டினான். மூத்தவள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“என்னத்துக்குப் புள்ள மூடுற? அந்தக் கஃபா படத்த அழிச்சிட்டாச் சரிதானே?”

“நானும் அதத்தான் சொன்னன். அழிச்சா எங்க போகும் எண்டு கேட்டாரு.”

“எங்க போகும்?”

“அந்தத் தொட்டிக்குள்ளதான்.”