மஞ்சள் மிதவைகிட்ட ஆறு திங்கக்கிழமை

— அந்தப் பட்டனை இப்ப அமுக்காதீங்க மச்சான். சொல்லிட்டேன்.

— உனக்கு என்ன மாப்ள திடீர்னு? இருபத்திரண்டு வருஷமா திங்கக்கிழமை தவறாம படகெடுத்துட்டுப் போய் கடல் தண்ணி சூட்டை அளந்துட்டு வந்தது நீ. ஒரு புள்ளி விடாம கம்ப்யூட்டர்ல ஏத்தினது நான். இன்னிக்கு அஞ்சு மணியிலேர்ந்து உலகத்துல யார் வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம். சந்தோஷப்படுவேன்னு பாத்தா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க.

— திறந்து விடுங்க, வேணாங்கல. அந்த ஆறு வாரத்தை மட்டும் எடுத்துருங்க.

— எந்த ஆறு வாரம்?

— அதான், நீங்க ஊரு ஊராப் போய்ப் பேசினீங்களே. படத்துல கோடு பொசுக்குனு மேல ஏறுமே, அது.

— அதுவா? முக்கா டிகிரி ஏறி, ஆறே வாரத்துல இறங்கிடும். எங்கேர்ந்தோ ஒரு வெதுவெதுப்பான நீரோட்டம் வந்து போயிருக்குன்னு மூணு கூட்டத்துல விளக்கியிருக்கேன்யா.

— ஓட்டமும் இல்ல ஒண்ணும் இல்ல மச்சான். நான்தான்.

— நீ எப்படிய்யா கடலைச் சூடாக்குவ?

— உங்க தங்கச்சிக்கு அப்ப நெறமாசம். நடுக்கடல்ல நாம வழக்கமா அளக்கற சிவப்பு மிதவைகிட்டப் போனா போன் செத்துரும். துறைமுக வாய்ல இருக்கற மஞ்சள் மிதவை வரைக்குந்தான் சிக்னல். வலி எடுத்தா உடனே கூப்பிடுவேன், எடுக்கணும்னு கண்டிஷனாச் சொல்லியிருந்தா.

— அதனால மஞ்சள்லயே படகைக் கட்டிப்போட்டு அளந்துட்ட.

— ஆறு திங்கக்கிழமை. கயிறும் அதேதான், வெப்பமானியும் அதேதான். தண்ணி மட்டும் கரையோரத் தண்ணி, ஆழமில்லாததால சூடு கூட.

— சரி, வலி எடுத்தப்ப கூப்பிட்டாளா?

— எங்க? பாப்பா பொறந்தது வெள்ளிக்கிழமை. நான் வீட்லதான் இருந்தேன்.

— அடப்பாவி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— உங்க தங்கச்சியக் கட்டிக்கிட்டேங்கற கோவத்துல நீங்க அப்ப என்கூடப் பேசறதே இல்ல. நோட்டை மேசையில வச்சிட்டுப் போயிடுவேன்.

— போன வருஷம் கூட்டத்துல ஒரு அம்மா எழுந்து, அளந்த இடம் மாறியிருக்குமோன்னு கேட்டாங்க. எங்க படகுக்காரரு கண்ணைக் கட்டி விட்டாலும் அதே இடத்துக்குத்தான் போவாருன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க.

— அதான் கெஞ்சறேன், எடுத்துருங்க. என்னால உங்க பேரு கெட வேணாம்.

— எடுத்தா அங்க ஓட்டை விழும். ஏன் ஓட்டைன்னு கேட்டா நான் பொய் சொல்லணும். ஒரு பொய்யி கலந்தா மிச்சம் ஆயிரத்துச் சொச்ச திங்கக்கிழமையும் யாரு நம்புவா? நீ ஒண்ணு சொல்லு, அளவு நெஜமா?

— எம் பொண்ணு மேல சத்தியமா நெஜம்.

— அப்ப இடத்தை மாத்தி எழுதினாப் போதும். நான் சொன்ன நீரோட்டக் கதை தப்புன்னும் எழுதிடலாம். இரு இரு. துறைமுகத்தைத் தோண்டி ஆழமாக்கினது எப்ப?

— பாப்பா தவழ்ந்தப்ப.

— அப்படின்னா தோண்டறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு சொல்ல இந்த ஆறு அளவுதான்யா இருக்கு. வேற யாரும் அங்க அளந்ததே இல்ல.

— திட்டுவீங்கன்னு நெனச்சேன்.

— ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து என் தங்கச்சி முன்னாடி சாவகாசமாத் திட்டறேன். இப்ப இந்த நாற்காலியில உக்காந்து குறிப்பை நீயே எழுது.

— எனக்கு உங்க பாஷை வராதே மச்சான்.

— பேசற மாதிரியே எழுது. எழுதிட்டு வாசி, கேக்கறேன்.

— "இந்த அளவுங்களை எடுத்துப் பாக்கறவங்களுக்குப் படகோட்டி எழுதறது. இந்த ஆறு வாரம் சூடு ஏறினது கடலால இல்ல, என்னால. பொண்டாட்டிக்குப் பிரசவ நேரம், போன் கிடைக்கற இடமாப் பாத்து அளந்துட்டேன். அளவு சரி, இடம்தான் வேற. நீங்களும் எங்கயாவது இப்படி இடம் மாத்தி அளந்துட்டு வாயைத் தொறக்காம இருந்திருப்பீங்க. வெக்கப்படாதீங்க, எந்த இடம், எந்த வாரம்னு எங்களுக்கு ஒரு வரி பதில் போடுங்க."